நெட்டில் ஏறிய எங்கள் வேன்

வேனை நெட்டில் போட்டு விற்கலாம் என்பது முழுக்க முழுக்க என் ஐடியா. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் சந்தாபுராவுக்கே இன்டர்நெட்டை நான்தான் கொண்டுவந்தது போல ஒரு அலட்டல்.

நைனா அந்த வேனில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஸ்கூலே சொந்தமாக பஸ் வாங்கிவிட்டது. வேன் வாசலில் சும்மா நின்றது. தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லித் தள்ளிவிடலாம் என்றார்.

"எந்தக் காலத்துல இருக்க நைனா? ஹெப்பகோடி ஷோரூம்ல பழைய வண்டிய வீடியோ எடுத்து வெப்சைட்ல போடறாங்க. வைட்ஃபீல்ட் ஐ.டி.காரன் ஆபீஸ்ல உக்காந்துகினே பாத்து வாங்குவான்."

"வீடியோவா? கல்யாணத்துக்கு எடுக்கற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

அவ்வளவுதான், மனிதர் வேனைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் வாந்தியெடுத்த வாடை சீட்டுக்குள் ஊறிப்போயிருந்தது. ஒரு பாட்டில் பெனாயில் காலி. ஒட்டியிருந்த பபிள்கம்மையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, ஷோரூமில் கொண்டுபோய் விட்டோம்.

வீடியோ வெப்சைட்டில் ஏறியதும் அவரை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நான் கடைக்காரரிடம், "அண்ணே, நம்ம வேன் வருது. சவுண்ட ஏத்து!" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அவரும் பெரிய ஸ்பீக்கரை மாட்டினார்.

வீடியோ நின்று நின்று ஓடியது. ஸ்டியரிங் தெரிந்தது. சீட் தெரிந்தது. பிறகு, வீடியோ எடுத்த ஷோரூம் பையன்களின் குரல் வந்தது.

"கதவ மூடாத குரு, செத்துடுவேன். எவனோ கெழவன் பெனாயில்லயே குளிப்பாட்டி வச்சிக்கிறான்."

"அதுக்கு அடியில இன்னொரு நாத்தம் வருது பாரு மச்சி. அதான் ஒரிஜினல்!"

பக்கத்து கேபினில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். கடைக்காரர் அவசரமாக மவுஸைப் பிடித்தார்.

"இரு தம்பி," என்றார் நைனா. "ஓடட்டும்."

எனக்குக் காது இரண்டும் எரிந்தது. நைனா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீடியோவில் இஞ்சினை ஸ்டார்ட் செய்தார்கள். "ஆனா சத்தம் கேளு மச்சி. பழைய வண்டி மாதிரியே இல்ல. நல்லா வச்சிக்கிறான்பா."

நைனா சட்டென்று என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. "கேட்டியாடா?"

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே ஓடி, காயின் போனில் ஷோரூமைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"சத்தமும் வருதா?" என்றான் போனை எடுத்தவன். "எங்க கம்ப்யூட்டர்ல ஸ்பீக்கரே இல்ல சார். எடுத்துடறோம், சாரி சார்."

உள்ளே வந்தால், நைனா நாற்காலியை விட்டு எழவில்லை. "இன்னொரு வாட்டி போடுடா."

மேஜைக்குப் பின்னால் குனிந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். சத்தமில்லாமல் ஓடியது. ஏன் சத்தம் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. இஞ்சின் இடம் வந்ததும் கடைக்காரரின் தோளைத் தொட்டு, விரலால் திரையைக் காட்டினார்.

"இங்கதான் சொன்னான்."