நாலு கம்பமும் நாத்தனாரும்

கோவில்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த முல்லைப் பந்தல் போன மழையில் கொடியோடு விழுந்துவிட்டது. காற்றைக் குறை சொல்ல முடியாது. என் கணவர் ஆள் வைத்து நட்ட சவுக்குக் கம்பங்கள் ஒன்றரை அடிகூட மண்ணுக்குள் போயிருக்கவில்லை. இந்தத் தடவை நானே நடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு கட்டுமான அலுவலகத்தில் அஸ்திவாரப் படம் வரைந்து சம்பளம் வாங்குகிறவள் நான்.

நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா அப்போது பிரான்சிலிருந்து வந்திருந்தார். முப்பது வருஷம் அங்கேயே வாழ்ந்தவர். தன் கணவர் இறந்தபிறகு மூன்று மாதம் தங்கிப் போகலாம் என்று வந்திருந்தார். எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் கிடையாது. வரும்போதெல்லாம் சென்ட் பாட்டில் கொடுப்பார், என் அடுப்படியை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை என் கணவர் வேலைக்குப் போய்விட்டதால், கம்பத்தைப் பிடிக்க அண்ணியே வந்து நின்றார்.

மூன்றடிக் குழி. எங்கள் மண் மணல்பாங்கு. இரண்டரை அடியிலேயே தண்ணீர் ஊறிப் பக்கங்கள் சரிந்தன. பழைய பெயின்ட் வாளிகளின் அடியை அறுத்து உள்ளே இறக்கினேன். சரிவு நின்றது. கீழே உடைந்த செங்கல், அதன்மேல், சவுக்குக்குப் பதிலாக, இரும்புக் குழாய். குழாயின் அடியில் குறுக்குக் கம்பி பற்றவைத்து, உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காமல் தார் பூசியிருந்தேன். அண்ணி பிடித்துக்கொள்ள, நான் கான்கிரீட்டைக் கொட்டிக் குத்தினேன். மூன்று கம்பங்கள் நேராக நின்றன.

நான்காவதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார். "எனக்குத் திரும்பிப் போவணும்னு தோணல. இங்கயே இருந்துடலாமான்னு பாக்குறேன். ஒனக்குக் கஷ்டமா இருக்குமா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இருக்கும் அண்ணி. எனக்கும் இருக்கும், ஒங்களுக்கும் இருக்கும். இருங்க. பேசித் தீத்துக்கலாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தார். தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தேன். கம்பம் இரண்டு விரல்கடை சாய்ந்திருந்தது. கொடி ஏறினால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்குத் தெரியும் என்றேன். கான்கிரீட் இறுகுவதற்குள் இருவருமாக அதைப் பிடுங்கி, மறுபடி நட்டு, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தோம். ஒரு வாரம் யாரையும் தொட விடவில்லை.

இருக்கப்போகும் விஷயத்தைத் தம்பியிடம் அவரே சொன்னார். என் கணவர் சாப்பிட்டு முடித்தார். பிறகு மாடிக்குப் போய், அங்கிருந்த அறையில் அடுக்கியிருந்த பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் காற்றும் மழையும் அடித்தன. ஓய்ந்ததும் போய் ஒவ்வொரு கம்பத்தையும் தோளால் முட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. இதற்குள் அண்ணியும் நானும் மூன்று தடவை சண்டை போட்டிருக்கிறோம். ஒன்று, ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதற்காக. அதில் ஜெயித்தது அவர்தான்.