மேற்குப் பக்கத்து யன்னல்கள்

"அக்கா மோசம் போயிற்றா, மச்சான். நாளைக்கு அடக்கம்" என்று கல்குடாவிலிருந்து, கூட வேலை செய்த செல்வம் தொலைபேசியில் சொன்னபோது, எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் கட்டட அலுவலகத்தில் அக்கா என்றால் ரெஜினாக்காதான். வரைபடப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை.

போர்க்காலத்தில் கல்லடியில் அரசாங்க ஊழியர்களுக்கு நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றை வரையும் வேலை அவரிடம் வந்தது. மின்சாரம் வரும் நாளைவிட வராத நாள் அதிகம். "கரண்ட நம்பி மாடி கீறாத, தம்பி. காத்தையும் மழையையும் நம்பிக் கீறு" என்பார். மொட்டை மாடியில் மழைநீர்த் தொட்டி வைத்தார். படிக்கட்டுச் சுவரில் காற்றுத் துளைகள் விட்டார். கிழக்கே கடற்காற்றுக்குப் பெரிய யன்னல்கள். மேற்கே, வாவிப் பக்கம், சின்னஞ்சிறு யன்னல்கள்.

அந்த நேரம் தாயைப் பார்க்க வாகரைக்குப் போனவர் பாதை மூடியதால் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். இங்கே வரைபடத்தை அவசரமாகக் கேட்டார்கள். வாவி தெரியாத வீடும் ஒரு வீடா என்று எனக்கு ஒரு நினைப்பு. மேற்கு யன்னல்களை ஆளுயரத்துக்குப் பெருப்பித்துக் கீறி அனுப்பிவிட்டேன். அவர் கிறுகி வந்தபோது சுவர் எழும்பியிருந்தது. "கச்சான் வரட்டும், தெரியும்" என்றார்.

கச்சான் வந்தது. வயல்களைத் தாண்டி அனலாக வீசும் அந்த மேற்குக் காற்று நேரே வீட்டுக்குள் புகுந்தது. விசிறி சுழல மின்சாரமில்லை. மேல்மாடிப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். எனக்குத் தற்காலிக வேலை, மனைவி நிறைமாதம். நான் எழும்புமுன் அக்கா எழும்பினார்.

"நான்தான் கீறினன், சேர். பிழை என்ர."

வெளியே வந்ததும், "நீ பேசாம இரு. முதல்ல பிள்ளை பிறக்கட்டும்" என்றார்.

பிள்ளை பிறந்தது. வேலையும் நிரந்தரமானது. நான் பேசாமலே இருந்துவிட்டேன். அதன்பிறகு அக்காவுக்கு ஒரு மாடிக் கட்டடமும் கொடுக்கவில்லை. மதிலும் மலசலகூடமும் கீறியே ஓய்வுபெற்றார். அந்தக் குடியிருப்பை, அவரோடு வேலை செய்த நீங்கள் 'ரெஜினாட அடுப்பு' என்று பகிடி பண்ணியபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் தந்து என்னிடம் இருப்பது, நான் செய்து முடித்த உத்தியோகமும் அதில் வளர்ந்த என் மகளும்தான். அக்காவை அறிந்தவர்களே, அங்கே இன்றும் மழைநீர் தரும் தொட்டியும் காற்று ஏறும் படிக்கட்டும் அவர் கீறியவை. அடுப்பை மட்டும் இனி என் பெயரில் சொல்லுங்கள்.