மகளுக்கு வந்த ஃபோன்

மூன்று வருடம் தாண்டிவிட்டது. தை மாதம், மலை மேல் எங்கள் ஜமுனாமரத்தூரில் புளி வரத்து தொடங்கியிருந்த நேரம். என் மண்டியில் வாசல் வரைக்கும் மூட்டை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. பன்னிரண்டு வயதில் கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாத காலோடு அடிவாரம் வரை இறங்கியவன். இன்று சொந்த மண்டி, இரண்டு டெம்போ, எங்கள் ஊரில் முதன்முதலாகக் கட்டிய மாடி வீடு. ஒரு கைப்பிடி புளியைப் பிசைந்து பார்த்தே அது எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லிவிடுவேன். செங்கத்து வியாபாரிகள் விலை சொல்வதற்கு முன்னால் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், மீதியையும் அவள்தானே எழுத வேண்டும்.

என் மகன்கள் இருவருக்கும் படிப்பு ஏறவில்லை. கடைசியாகப் பிறந்த பெண்ணுக்கு ஏறியது. அப்போது அவள் பிளஸ் டூ. வெளி மாநிலத்தில் ஒரு பெரிய கல்லூரி, பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னாலேயே சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஃபீஸ், விடுதி, சாப்பாடு எல்லாம் கொடுத்துப் படிக்க வைக்கிறது என்று அவளுடைய டீச்சர் சொன்னார். இவளும் கூடப் படித்த இன்னொரு பெண்ணும் விண்ணப்பம் போட்டார்கள். கம்ப்யூட்டரில் பரீட்சை, கேமரா முன்னால் பேட்டி எல்லாம் முடிந்தது. தொடர்புக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

ஒரு மதியம் ஃபோன் வந்தது. பெண் குரல், மரியாதையான பேச்சு.

"ஐயா, உங்க பொண்ணு தேர்வாகியிருக்காங்க."

நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. அந்தம்மா அதோடு நிறுத்தவில்லை.

"நீங்க சின்ன வயசுல செருப்பில்லாம மூட்டை தூக்கினதைப் பத்தி விண்ணப்பத்துல எழுதியிருந்தாங்க. படிச்ச எங்க எல்லாருக்கும் மனசு நெகிழ்ந்துடுச்சு. முழு உதவித்தொகையோட இடம் தர்றோம். உங்க சம்மதம் வேணுங்க."

சுருக்கென்று குத்தியது. யாரோ முகம் தெரியாதவர்களிடம் என் மகள் எங்கள் ஏழ்மையைக் கடை விரித்துக் கையேந்தியிருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"யம்மா, அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எனக்கு ரெண்டு டெம்போ ஓடுது. இனாமெல்லாம் இல்லாதவங்களுக்குக் குடுங்க. எங்களுக்கு வேணாம்."

"யோசிச்சுச் சொல்லுங்கய்யா. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"எங்க வூட்ல பேசுறவன் நான்தான்."

மூன்று நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அதே பதிலைச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. செங்கத்து வியாபாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

என் மனதில் ஓடியது இதுதான். தேர்வாகிவிட்டாள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது, இடம் எங்கேயும் போகாது. பணத்தைத்தானே வேண்டாம் என்றேன்? ஜூன் மாதம் நானே நேரில் போய்க் கட்டிச் சேர்த்துவிட்டு வருவேன். புளி விற்பவன் மகள் இனாமாகப் படிக்கவில்லை என்று நாலு பேர் சொல்வார்கள்.

அந்த வாரமே, கூட விண்ணப்பம் போட்ட பெண்ணுக்குக் கடிதம் வந்துவிட்டது. அவள் ஃபோனில் ஸ்டேட்டஸ் வைத்தாள், எங்கள் வீட்டுக்கு லட்டு கொண்டுவந்தாள். என் மகள் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை ஒரே கேள்வி.

"அப்பா, எதனா ஃபோனு வந்துச்சா?"

"வரும், வரும்."

அவள் எழுதியதன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பதினொரு நாள் அப்படிக் காக்க வைத்தேன். மருமகள் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதையும் போடணுமா மாமா?" என்றாள். போடும்மா என்றேன்.

சந்தை நாளன்று டீக்கடையில் வாய் சும்மா இருக்கவில்லை. "எம் பொண்ணுக்கு இனாமா படிப்பு தர்றோம்னு ரெண்டு தபா ஃபோன் பண்றாங்கப்பா. வேணாம்னுட்டேன்" என்றேன்.

"உனக்கு இன்னா மாமா, டெம்போல நோட்டை ஏத்தினு போய்க் கொட்டுவ" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இரண்டு டீ சேர்த்து வாங்கிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி மகள் நேராக மண்டிக்கு வந்தாள். பள்ளிப் பை தோளிலேயே இருந்தது.

"ஃபோன் வந்துச்சாப்பா?"

"எந்த ஃபோனு?"

"பஸ்ஸுல எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும்தாம்பா தெரியல."

தராசில் மூட்டை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "சீட்டு உனக்குத்தாம்மா. பணத்தைத்தான் வேணாம்னேன்" என்றேன்.

"பணம் கட்டிச் சேர்ற சீட்டு இல்லப்பா அது. அந்த ஸ்காலர்ஷிப் வேணாம்னா அந்த சீட்டே வேணாம்னு அர்த்தம்."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டீச்சரை வைத்து ஃபோன் போட்டோம். காத்திருந்த வேறொரு பெண்ணுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் விடுவேனா? வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு ரயிலேறி அங்கேயே போய்விட்டேன். இரண்டு பங்கு கட்டுகிறேன் என்றேன். வாழ்க்கையில் பேரம் படியாத இடத்தை அன்றுதான் பார்த்தேன். ஃபோனில் பேசிய அந்தம்மாவே டீ கொடுத்து, "இப்ப இடம் கிடைச்ச அந்தப் பொண்ணோட அப்பா சேதி கேட்டு ஃபோன்லயே அழுதுட்டாருங்க" என்றார்.

உடனே என் மகள் எழுந்துவிட்டாள். "அவகிட்டருந்து வாங்கித் தராதீங்க மேடம். நாங்க வர்றோம்."

திரும்பும்போது ரயிலில் மெல்லக் கேட்டேன், "செருப்பில்லாத கதையெல்லாம் ஏம்மா எழுதின?"

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்கப்பா மாதிரி ஒரு ஆளு இந்த மலையிலேயே இல்லன்னு எழுதினேன். பெருமைக்குத்தாம்பா எழுதினேன். உன்னப் பாத்துதான கத்துக்கினேன்?"



மலைக்குக் கீழே அரசுக் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துப் படித்தாள். அங்கேயும் முதல் மாணவிதான். அந்த இடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கேட்டது வேறு, அது அவள் கைக்கே வந்தது, நடுவில் நின்று திருப்பி அனுப்பியவன் நான்.

இந்த வருடம் மேல்படிப்புக்கு வேறு ஊரில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது அவளுக்கு. சம்மதக் கடிதம் அனுப்பி, பெட்டி வாங்கி, ரயிலுக்கு டிக்கெட்டும் போட்ட பிறகு என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகளைக் கூப்பிட்டு, "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?" என்றேன்.

"சொல்லலாம்னுதாம்பா இருந்தேன். பயமா இருந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

கெட்ட செய்தியை அப்பனிடம் சொல்லப் பயப்படும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. நல்ல செய்தியைச் சொல்லவே பயப்படும்படி ஒரு பிள்ளையை ஆக்கிவிட்டேனே என்பதுதான், இத்தனை சம்பாதித்தும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியாத ஒன்று.