பூச்சியமாம் பெட்டியில் அதிபர்

"மையத்து எந்த ஆஸ்பத்திரியில கிடக்கு? அதையாவது செல்லுங்களேன்!"

போனை எடுத்ததுமே ஒரு பெண் குரல் உடலைத் தேடியது; ஸலாம் இல்லை, யார் கதைப்பது என்றும் இல்லை. காலை பதினொரு மணி இருக்கும். கல்முனைப் பிரதான வீதியில், ஒரு பார்மஸிக்கு மேல்மாடியில்தான் எங்கள் கொம்பியூட்டர் நிலையம். நான் அப்போதுதான் பிளேன்டிக் கோப்பையைக் கையில் எடுத்திருந்தேன்.

"எந்த மையத்து?" என்று கேட்டேன்.

"அதிபர் ஜுனைதீன்ட மையத்து! எங்கட ராத்தாட மாப்புள, எனக்கு மச்சான். உங்கட நம்பர்ல இருந்துதானே மௌத்து எண்டு மெசேஜ் வந்திரிக்கி? விடிய சுபஹ் தொழுதுட்டு பொத்துவில்ல இருந்து மோட்டார்சைக்கிள்ல வெளிக்கிட்ட மனிசன். அவர்ட உம்மாக்குக் கடும் வருத்தம் எண்டு பாக்கக் கல்முனைக்குப் போனாரு. போன் அடிச்சா எடுக்காரில்ல. எக்சிடென்டா? ராத்தா விழுந்து கிடக்கா இஞ்ச."

"ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு அனுப்பிய செய்திகளின் பதிவான லொக்கைத் திறந்தேன். நான் எழுதிய கணினி ஸ்கிரிப்ட் தானாக அனுப்பிய செய்தி இது: ஓய்வுபெற்ற அதிபர் எம்.எச்.எல். ஜுனைதீன் காலமானார். நல்லடக்கம் இன்று பின்னேரம் அஸர் தொழுகையின் பின்.

அதற்கு மேலே பள்ளிவாசலில் இருந்து வந்த மூல அறிவித்தல் கிடந்தது: ஓய்வுபெற்ற அதிபர் எம்.எச்.எல். ஜுனைதீன் அவர்களின் அன்புத் தாயார் இன்று காலை காலமானார். நல்லடக்கம் இன்று பின்னேரம் அஸர் தொழுகையின் பின்.

உயிரோடு இருக்கும் மனிதரைச் சாகடித்துவிட்டேன்.

1. ஸ்கிரிப்ட் எப்படி வேலை செய்தது

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன், ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். எனக்கே பொறுமை இல்லை, அது வேறு விஷயம்.

எங்கள் ஊர்களில் மௌத்து, அதாவது மரணம், நடந்தால் அன்றைக்கே அடக்கம். ஆகவே செய்தி சீக்கிரம் போக வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கிற வயதானவர்களுக்காக எல்லாருக்கும் அண்ணன் மாதிரியான எங்கள் முதலாளி அன்சார் காக்கா ஒரு எஸ்எம்எஸ் சேவை தொடங்கினார், நன்மைக்காக. பள்ளிச் செயலாளர்கள் நீளமாக எழுதி அனுப்புவார்கள். இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன், இன்னாருடைய மச்சான் என்று அது வாலாக நீளும். எஸ்எம்எஸ்ஸில் அவ்வளவு இடமில்லை. முதலில் ஒவ்வொன்றையும் நானே வாசித்துச் சுருக்கி அடித்தேன். பிறகு அலுத்துப்போய் பிஎச்பி என்ற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

கணினிக்கு அந்த நீள வாசகம் ஒரு ஸ்ட்ரிங், வெறும் எழுத்துச் சரம். அதில் தேவையான துண்டுகளைப் பிடிக்க ஒரு பேட்டர்ன் கொடுக்க வேண்டும். என் பேட்டர்ன் இதுதான்: இனிஷியல் எழுத்து, புள்ளி, மறுபடி எழுத்து, புள்ளி, எத்தனை வந்தாலும் சரி, அதன் பின்னால் ஒரு பெயர். தமிழ் எழுத்து என்பதால் பேட்டர்னின் கடைசியில் யூ என்ற ஒரு குறி போட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் போனது. பிடித்த பெயர்களையெல்லாம் ஸ்கிரிப்ட் ஒரு அரேக்குள் வரிசையாகப் போடும். அரே என்றால் இலக்கமிட்ட பெட்டிகள், முதல் பெட்டியின் இலக்கம் ஒன்று அல்ல, பூச்சியம். பூச்சியமாம் பெட்டியில் மௌத்தானவர், மீதிப் பெட்டிகளில் உறவுக்காரர். அப்படித்தான் நான் முடிவு செய்தேன்.

அரே வெறுமையாக வந்தால் அறிவித்தல் என் போனுக்கு வரும், நான் கையால் அடிப்பேன். வெறுமை இல்லையென்றால் நேரே ஊருக்குப் போய்விடும். எட்டு மாதம் இப்படியே ஓடியது. கெட்டிக்காரி என்று அன்சார் காக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கும் அது இனித்தது.

2. எஸ்எம்எஸ்ஸைத் திருப்பி எடுக்க முடியாது

"அத டிலீட் பண்ணு புள்ள! கெதியா பண்ணு!" அன்சார் காக்கா தன் கதிரையிலிருந்தே கத்தினார்.

"எல்லார்ட போனுக்கும் போயிட்டுது காக்கா. அவங்கட போனுக்குள்ள கைய விட்டா எடுக்கிற?"

"அப்ப பிழை எண்டு போடு."

போட்டேன். முன்னைய அறிவித்தல் பிழையானது என்று ஒரு வரி. அதுதான் அன்றைக்கு நான் செய்த இரண்டாவது மடத்தனம். அடுத்த நிமிடமே ஓபிஸில் இருந்த மற்ற மூன்று போன்களும் ஒன்றாக அலறின. "அப்ப மௌத்தானது யாரு?" "அடக்கம் இரிக்கா இல்லயா?" "என்ன விளையாட்டுக் காட்டுறீங்களா?"

இன்னும் லைனில் நின்ற பொத்துவில் பெண்ணிடம் திரும்பினேன். "அதிபருக்கு ஒண்டும் இல்ல. அவர்ட உம்மாதான் மௌத்து. ராத்தாட்டச் செல்லுங்க."

"முதல்ல மௌத்து எண்டீங்க. இப்ப இல்ல எண்டுறீங்க. எத நம்புற? ராத்தா அவர்ட குரலக் கேக்காம நம்பமாட்டா. வேன் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடப் போறா. அவக்கு பிரஷர் இரிக்கி. வழியில ஏதும் நடந்தா நீங்கதான் பொறுப்பு!"

அவள் சொன்னது நியாயம்.

அவளிடம் அதிபரின் நம்பரை வாங்கி ஏழு தரம் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. பள்ளிச் செயலாளருக்கு அடித்தேன்.

"நான் மையவாடியில நிக்கன் தங்கச்சி, அடக்கத்துக்குக் கபுறு வெட்டுறாங்க. வீட்டாக்கள்ட நம்பர் என்னட்ட இல்ல."

"மௌத்தானவங்கட பேரயாவது செல்லுங்க. திருத்தி அனுப்பணும்."

"பேரா? அதிபர்ட உம்மா எண்டு போடுங்களேன். எல்லாருக்கும் தெரியும்."

"அவக்குப் பேர் இல்லயா?"

"இரிக்கும். நான் கேக்கல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டுப் படியிறங்கினேன். சால்வையைச் சரியாகப் போட்டேனோ தெரியாது. கீழே நின்ற ஓட்டோவில் ஏறி, அறிவித்தலில் இருந்த வீதியின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"அதிபர்ட உம்மாட வீட்டுக்கா ராத்தா? நல்ல மனிசன். மெசேஜ் பாத்து எனக்கே கவலயாப் போச்சி."

"அவர் மௌத்தாகல்ல. நீங்க றோட்டப் பாத்து ஓடுங்க."

3. படங்குக்குக் கீழே

வாசலில் வெயிலுக்குத் தார்ப்பாய்ப் படங்கு கட்டி பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். நடுக் கதிரையில் அதிபர் இருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டடியிலேயே விறைத்து நின்றார்கள், அவருடைய மையத்துக்குத்தானே வந்தார்கள்! ஒரு பழைய ஆசிரியர் அவருடைய தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

அது ஆண்கள் பக்கம். நான் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே நடந்தேன். பொத்துவில் நம்பரை அழுத்தி போனை அவரிடம் நீட்டினேன்.

"சேர், உங்கட மனிசி நீங்க மௌத்து எண்டு நினைச்சிட்டு இரிக்கா. கதைங்க."

செய்தி பொத்துவில் வரைக்கும் போனது அவருக்குத் தெரியாது. அவருடைய போன் மோட்டார்சைக்கிள் சீட்டுக்கு அடியில் கிடந்தது. வந்து இறங்கும்போதே உம்மாவின் மூச்சு அடங்கிக்கொண்டிருந்ததாம், அதற்குப் பிறகு அதை எடுக்க நினைப்பு வரவில்லையாம்.

"ஹலோ. ஓம், நான்தான். நான்தான் கதைக்கன். ஹயாத்தோட, உசிரோட இரிக்கன்."

அந்தப் பக்கம் தங்கை போனை ராத்தாவிடம் கொடுத்திருக்க வேண்டும். பிறகு ஒரு ஓலம் கிளம்பியது, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. பிறகு ஏச்சு: "போன எங்க வெச்சிட்டுத் திரியிறீங்க? நான் நெருப்புல நிக்கன் இஞ்ச!" அவர் ஏச்சையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "உம்மாதான் மௌத்து" என்றார்.

"மாமியா? அல்லாஹ்வே, மாமியா?"

அவர் அழத் தொடங்கினார். அதுவரை அவரை அழ விடாமல், வருகிற ஒவ்வொருவருக்கும் தான் உயிரோடு இருப்பதை விளக்க வைத்தது என் ஸ்கிரிப்ட். அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

போனைத் திருப்பித் தந்தபோது கிழிகிழியென்று கிழிப்பார் என்று காத்து நின்றேன். அவர் ஏசவில்லை.

"திருத்தி அனுப்புங்க மகள். அஸருக்கு முதல் ஆக்களுக்குத் தெரியணும்."

"உம்மாட பேரு என்ன சேர்?"

வாயைத் திறந்தார், முழுப் பெயர் சரியாக வரவில்லை. உள்ளே தன் தங்கையிடம் கேட்டுவிட்டு, அடையாள அட்டையோடு திரும்பி வந்தார்.

"ஆதம்பாவா செய்னம்பு. வாப்பா அவவ புள்ள எண்டு கூப்பிடுவாரு. நாங்க உம்மா. ஊருக்கு அதிபர்ட உம்மா. இந்தப் பேரால அவவ யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல."

அங்கேயே நின்று என் போனில் அடித்தேன்: ஆதம்பாவா செய்னம்பு காலமானார். அவர் எட்டிப் பார்த்து, சரி என்று தலையசைத்தார். அஸருக்குக் கூட்டம் பள்ளிக்கு வெளியேயும் நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

4. என்னுடைய அறிவித்தல்

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டில் லொக்கை முழுவதுமாகத் திறந்து பார்த்தேன். எட்டு மாதமாக வெறுமையாக வந்து நான் கையால் அடித்த அறிவித்தல்களில் மூன்றைத் தவிர எல்லாமே பெண்களுடையவை. எங்கள் அறிவித்தல்களில் மௌத்தான ஆண்களுக்குத்தான் இனிஷியலோடு பெயர் போடுவார்கள், உறவுக்காரருக்குப் பெரும்பாலும் வெறும் பெயர்தான். இனிஷியல் இல்லாதவரை என் பேட்டர்ன் பிடிக்காது. செய்னம்புவின் அறிவித்தலில் அதிபரான மகனுடைய இனிஷியல் இருந்ததால் அரே நிறைந்தது, நேரே போய்விட்டது. நான் ஒரு பெண். அத்தனையையும் என் கையாலேயே அடித்திருக்கிறேன். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா? இல்லை.

என் கணவர் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர். அவரிடம் ஒரு கடதாசியை நீட்டினேன்.

"நான் மௌத்தானா பள்ளிக்கு என்ன எழுதிக் குடுப்பீங்க? எழுதுங்க."

"விசர்க் கதை கதைக்காத."

"டெஸ்ட் பண்ணணும். எழுதுங்க."

முணுமுணுத்தபடி எழுதினார். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஏ.எம். றபீக் அவர்களின் அன்பு மனைவி காலமானார். ஊருக்கு அனுப்பும் வரியை நிறுத்திவிட்டு ஸ்கிரிப்டில் போட்டேன். பூச்சியமாம் பெட்டியில் ஏ.எம். றபீக் வந்து குந்தினார்.

"என்னை ஏன் சாகடிக்காய்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு கடதாசியைத் திரும்ப வாங்கினார். தன் பெயரை வெட்டிவிட்டு, என் பெயரைப் போட்டு, நஸீரா காலமானார் என்று எழுதித் தந்தார்.

மறுபடி ஓட விட்டேன். அரே வெறுமை. மேசையில் இருந்த என் போன் அதிர்ந்தது. என் மௌத்து அறிவித்தலைக் கையால் அடிக்கும்படி எனக்கே செய்தி வந்திருந்தது.

அடுத்த நாள் அந்தப் பேட்டர்னைத் தூக்கி எறிந்தேன். இப்போது செயலாளர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முதல் கட்டம் மௌத்தானவரின் பெயர். அது நிரம்பாவிட்டால் மற்றது எதுவும் திறக்காது. பிள்ளைகளே, அரே நிறைந்துவிட்டால் வேலை சரி என்று நினைக்காதீர்கள், அதற்குள் யார் இருக்கிறார் என்று பாருங்கள். வெறுமையாக வருகிறவை யாருடையவை என்றும் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணுங்கள்.

படிவம் போட்ட முதல் கிழமையே அந்தச் செயலாளர் அழைத்தார்.

"தங்கச்சி, இது பெரிய கரச்சல். பொம்புள மையத்து. பேர் தெரியாட்டி என்ன செய்யிற?"

"வீட்டுக்குள்ள போய்க் கேளுங்க" என்றேன். "கேட்டுட்டு அனுப்புங்க. நான் காத்திருக்கன்."