மனுவேலுக்குப் போட்ட மதிப்பெண்

கௌசிகாவுக்குத் தன் போர்த்துக்கீசியத்தின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. கணவன் ஷாந்தனுக்குப் பிரேசிலில் வேலையாக இருந்த நான்கு வருடத்தில், சந்தைக்காரிகளோடு பேசிப் பேசியே கற்றது. சான்டா கிளாராவில் அவள் பேச்சுப் பயிற்சி தரும் மருத்துவமனையில் வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது. அதனால் பக்கவாதம் வந்த மனுவேல் அவளிடம் வந்து சேர்ந்தார். போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவுகளில் பிறந்து, இங்கே பால்பண்ணையில் நாற்பது வருடம் உழைத்தவர். மனைவி போனபின் தனியாக இருந்தார்.

கௌசிகா நாற்பது படங்களைக் காட்டிப் பெயர் கேட்டாள். பஸ்ஸுக்குக் கார் என்பதுபோல ஏதோ சொன்னார். ரயிலுக்கு, வரிசையாகப் போகும் லாரிகள் என்றார். ஃபிரிட்ஜ் அவர் வாயில் இறைச்சிக்கூடமானது. போதாக்குறைக்கு உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கினார். மூளையில் சொற்கள் கலைந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நாற்பதுக்கு இருபத்திரண்டு மதிப்பெண் போட்டு, தனியாக வாழ முடியாதவர் என்று எழுதினாள். வாராவாரம் அவர் சொற்களைத் திருத்தினாள். அவர் பேசுவது குறைந்துகொண்டே போனது. அதையும் நோயின் தலையில் கட்டினாள், மகராசி.

முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதை முடிவுசெய்ய மீட்டிங் வைத்தார்கள். வெளியூரான ரவுண்ட் ராக்கிலிருந்து அவர் மகள் லூசியா வந்தாள். வீட்டு ஃபிரிட்ஜைக் காலிசெய்ததையும் பஸ்ஸில் வந்ததையும் அவள் அப்பாவிடம் சொல்வது, வாசலில் நின்ற கௌசிகாவின் காதில் விழுந்தது. அதே சொற்கள். அதே விழுங்கல். லூசியாவுக்கு எந்தப் பக்கவாதமும் இல்லை.

கௌசிகாவுக்குப் பொட்டில் அறைந்ததுபோல் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து போய்ச் சென்னையில் படித்தவள் அவள். நாற்காலியைக் கதிரை, ஷூவைச் சப்பாத்து என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. அந்தச் சொற்கள் போர்த்துக்கல்காரர்கள் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போனவைதான். அவளுக்கல்லவா முதலில் உறைத்திருக்க வேண்டும்?

மீட்டிங்கை நடத்தவிருந்த டாக்டர் சுந்தரராமனிடம் ஓடினாள்.

"ரிப்போர்ட்டை ஹோல்ட் பண்ணுங்கோ டாக்டர். அவர் சரியாத்தான் கதைச்சவர். நான் பழகினது பிரேசில் பேச்சு, அவரின்ரை ஊர்ப் பேச்சு எனக்குத்தான் தெரியேல்லை."

"மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லப்போறீங்களா? உங்க பேர் கெட்டுடும்."

"கெட்டால் கெடட்டும். அந்த மனுசன் வீட்டுக்குப் போகவேணும்."

லூசியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி படங்களைக் காட்டினாள். முப்பத்தேழு சரி. மீட்டிங்கில் தன் பிழையை மறைக்காமல் சொன்னாள். அவர் வீட்டுக்கே போகலாம், வாரம் இருமுறை நர்ஸ் வந்து பார்ப்பாள் என்று முடிவானது.

மனுவேலின் அறைக்குப் போய், பிழை தன்னுடையது, அவர் முதல் நாளே சரியாகத்தான் சொன்னார் என்று மன்னிப்புக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்படியென்றால், இனி நான் பேசலாமா?"