ஜன்னலில் போட்ட எட்டு

கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலிக்கு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் ஐம்பது வயசு அம்மா ஒருத்தர், மடியில் ஹெல்மெட். தூசி படிந்த கண்ணாடியில் விரலால் பெரிய எட்டு வரைந்து, ஒரு வளைவில் வாயைப் பிளந்த மூஞ்சி ஒன்றும் போட்டார்.

“ஸ்கூட்டி பழகிக்கினு இருக்கேங்க. இன்னிக்கு இந்த வளைவுலதான் பயந்துபோய்க் காலைக் கீழ ஊனிட்டேன். தெனமும் வரைஞ்சு பாத்துக்குவேன். நாளைக்கு எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினாத்தான் கூரியர் வேலை.”

“நான் மூணாங்கிளாஸ்தாம்மா. சொந்தமா நாலு டிப்பர் ஓடுது. எதையும் வரைஞ்சு கத்துக்கல.”

“அப்ப எங்கெங்க பயந்தீங்கன்னு எப்பிடிங்க தெரியும்?”

பயமா, எனக்கா என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டார். ஜன்னலோரம் நகர்ந்தேன். அவர் லைசென்ஸ் வாங்கினாரா, தெரியாது. நான் இறங்கவேண்டிய ஸ்டாப் தாண்டியும் இறங்காமல், அந்த எட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.