பன்றிவால் வைத்த பேனாக்கத்தி

என் காக்கிச் சட்டையின் இடதுபக்கம் எப்போதும் கொஞ்சம் இறங்கியே இருக்கும். நெஞ்சு கனத்து அல்ல, கத்தி கனத்து. "மனுசனுக்குக் குடல் இறங்கித்தான் கேள்விப்பட்டிருக்கேன், சட்டை இறங்கி இப்பத்தான் பாக்குறேன்" என்பார் எங்கள் டிரைவர் அண்ணன். அவரே, ஹாரன் ரப்பர் கழன்றுவிட்டால், "கண்டக்டரே, அந்த ஆயுதபூசைய இங்கிட்டுக் கொண்டாங்க" என்று கையை நீட்டுவார்.

நீட்டிய கையில் கொடுக்கமாட்டேன். எஞ்சின் மூடிமேல் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் உறவு அறுந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் கத்தி எனக்கு வந்ததும் அப்படித்தான். பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய திருமயம் பக்கத்துக்காரர் ஒருவர், மகளைப் பார்க்கக் கீரமங்கலம் வந்தார். பஸ்ஸின் கூரைமேல் அவர் பெட்டியை நான் கட்டிய கட்டு பிடித்துப்போய், இறங்கும்போது கத்தியை சீட்டில் வைத்தார். "எடுத்துக்கங்க தம்பி. கையில குடுத்தா உறவு அறுந்துரும்."

"நமக்குள்ள என்னண்ணே உறவு? டிக்கெட்டக் கிழிச்சப்பவே அறுந்துபோச்சே" என்றேன். சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

நாட்டுக்கு சுதந்திரம் வந்து ஐந்தாறு வருசம் ஆகியிருக்கும். புதுக்கோட்டையில் கிளம்பி, ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி என்று ஊர் ஊராய்ப் பெருமூச்சு விட்டு நின்று, கட்டுமாவடியில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பஸ் எங்களுடையது. அதில் டிக்கெட் கொடுப்பது என் உத்தியோகம். கத்தி கொடுப்பது என் பெருமை. பெரிய அலகு, சின்ன அலகு, டின் உடைக்க ஒன்று, திருப்புளி, குத்தூசி, குட்டிக் கத்தரி எல்லாம் ஒரே உடம்புக்குள் மடங்கிக் கிடந்தன. மீன்கூடைக்காரி வாளைமீனைக் கட்டிய கயிறு சிக்கினால் கத்தி. பாதி வழியில் பெரியவர் செருப்பு வார் அறுந்தால் குத்தூசி. பிள்ளை காலில் கருவேல முள் ஏறினால் ஊசிமுனை. யாராவது "ஐயோ" என்று வாயைத் திறக்கும் முன்னே, "இருக்கு, இருக்கு" என்று பையைத் தட்டிவிடுவேன். ஓடுகிற பஸ்ஸில் அந்தக் கத்தரியால் மீசையைச் சரிசெய்யப் போய், வண்டி பள்ளத்தில் இறங்கி, பாதி மீசை போனதும் உண்டு. மீதியையும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், என் சம்சாரம் கதவைப் பாதி திறந்து, "அவுக வேலைக்குப் போயிருக்காக, சாயங்காலம் வாங்க" என்றாள்.

ஒரே ஒரு உறுப்புக்கு மட்டும் வேலை தெரியவில்லை. பன்றிவால் மாதிரி சுருண்ட கம்பி. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர்தான் அது சீமைச் சாராயப் புட்டியின் தக்கையைப் பிடுங்குவது என்று காதோடு சொன்னார். கீரமங்கலத்தில் ஏறினால் திருச்சி ஜில்லா, அறந்தாங்கியில் இறங்கினால் தஞ்சாவூர் ஜில்லா, இரண்டிலும் மதுவிலக்கு. குடிக்காமலே குற்றவாளியாகி, அந்தக் கம்பியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு இரண்டு ஜில்லாவிலும் திரிந்தேன்.

என் சம்சாரத்துக்கும் கத்திக்கும்தான் ஆகாது. அவள் முடிச்சவிழ்க்கிறவள். (திருட்டைச் சொல்லவில்லை.) கடையிலிருந்து வரும் பொட்டலத்து நூல், வெல்ல மூட்டைச் சணல், பூக்காரி கட்டிய நார் எதையும் அறுக்கவிடமாட்டாள். உட்கார்ந்து, நகத்தால் நெம்பி, பல்லால் இளக்கி, முழுசாக எடுத்து உருண்டையாகச் சுற்றி வைப்பாள். நானோ கயிற்றைக் கண்டால் கத்தியைத் திறக்கிறவன்.

"ஏங்க, கொஞ்சம் பொறுத்தாத்தான் என்ன? அதுவா வரும்ல."

"அது வர்றதுக்குள்ள எங்க பஸ்ஸு கட்டுமாவடி போயிட்டு வந்துரும்."

"ஒங்க பஸ்ஸா? அப்ப நான் நூறு முடிச்சு அவுத்துருவேனே."

பல வருசம் நாங்கள் கோயில் கோயிலாகப் போனபிறகு பிறந்தாள் எங்கள் மகள். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் ஒரு வெள்ளி அரசிலை. ஊரே ஏளனம் செய்த கத்தியை மரியாதையோடு பார்த்த ஒரே ஜீவன் அவள்தான். நான் வீட்டுக்கு வந்ததும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கீழ வையி" என்பாள். அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நான் கத்தியை மடக்கித் தரையில் வைக்கவேண்டும், அவள் எடுத்துக்கொள்வாள். பிறகு என் மடியில் உட்கார்ந்து, பன்றிவாலை மட்டும் திறக்கச் சொல்வாள். முனை குத்தாமல் நான் விரலால் மூடிக்கொள்ள, அந்தச் சுருளைச் சுண்டுவிரலால் தடவிப் பார்ப்பாள்.

"பன்னி எங்கப்பா?"

"உள்ள தூங்குது."

"எழுப்பு."

"எழுப்புனா கடிக்கும்டி."

இந்தப் பேச்சு ஒரு நாளும் தவறாது. தவறினால் சோறு இறங்காது, அவளுக்கில்லை, எனக்கு.

ஒருநாள் குளிப்பாட்டும்போது பார்த்தேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள், கயிறு வளரவில்லை. இடுப்பைச் சுற்றிச் சிவந்திருந்தது. நம் கைதான் நிற்காதே, கத்தரியைத் திறந்துவிட்டேன். ஈரத்தோடு பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள் என் சம்சாரம். அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"அத யாராச்சும் அறுப்பாங்களா? உசுரோட இருக்கிற புள்ளைக்கு அரைஞாண அறுக்கவே கூடாதுங்க. புதுசக் கட்டிட்டுத்தான் பழச அவுக்கணும். அறுக்கிறது..." மேலே சொல்லவில்லை. எனக்கும் தெரியும். இறந்தவர்களைத் தூக்கும் முன்தான் அதை அறுப்பார்கள்.

"நான் சும்மா விளையாட்டுக்கு..."

"ஒங்க விளையாட்ட பஸ்ஸோட வச்சுக்கங்க."

அன்றே புதுக் கயிறு கட்டினாள். நாலைந்து முடிச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக. நான் எட்டி நின்று பார்த்தேன். "இத அவுக்க நீயே ரெண்டு நாள் லீவு போடணும்" என்றேன். "இது நெறைய வருசம் இருக்கணும்ங்க" என்றாள்.

அடுத்த ஐப்பசி மழையில் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கைமருந்து கேட்கவில்லை. காலை முதல் வண்டியிலேயே அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினோம். டிரைவர் அண்ணன் திரும்பிப் பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்த்தார். அதன்பிறகு எந்த நிறுத்தத்திலும் வண்டி நிற்கவில்லை. இறங்கவேண்டிய ஊர் தாண்டிப் போன யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரக் குடையும் மூட்டையுமாக அறந்தாங்கியில் இறங்கி, வந்த வழியே நடந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என் கத்திக்கு ஒரே ஒரு வேலை கிடைத்தது. பார்லி டின்னைத் திறந்தேன். கஞ்சி வைத்து ஊட்டினோம், தங்கவில்லை. எத்தனை அலகு இருந்து என்ன, திறப்பதற்கு அந்த டின்னைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. நர்ஸம்மா கேட்டதற்கெல்லாம் "இருக்கு, இருக்கு" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. "தம்பி, நான் கேட்டது புள்ளைக்கு மூத்திரம் போச்சான்னு" என்றார் அவர்.

சாயங்காலம் பிள்ளை கண் திறந்தாள். என் சட்டைப்பையைப் பார்த்தாள். "கீழ வையி" என்று சொல்லத் தெம்பில்லை. நானே கட்டிலில் வைத்து, பன்றிவாலைத் திறந்து, முனையை மூடிக்கொண்டு, அவள் விரலை எடுத்து அதில் வைத்தேன்.

"பன்னி தூங்குதா?"

"தூங்குதும்மா."

"எழுப்பாதப்பா" என்றாள்.

விடியும்போது போய்விட்டாள். எங்கள் வண்டியிலேயே கொண்டுவந்தோம். எங்கள் ஊர் கீரமங்கலம் வரும் வரை டிரைவர் அண்ணன் ஹாரன் அடிக்கவில்லை. மாடு குறுக்கே நின்ற இடத்தில், இறங்கிப் போய்க் கையால் விரட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். பிறகு என் சம்சாரத்தின் பெரியப்பா, எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்கிறவர், கூட்டத்தில் என்னைத் தேடி வந்தார். அவர்மேல் குற்றமில்லை. ஊரில் யாருக்குக் கத்தி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்; நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

"மாப்ள, அரைஞாண எடுக்கணும். கத்தி இருக்கும்ல?"

"இல்ல மாமா" என்றேன்.

சட்டை இடதுபக்கம் இறங்கிக் கிடக்கிறது. கத்தியின் கொம்புப் பிடி பைக்கு மேலே தெரிகிறது. டிரைவர் அண்ணன் என் பையைப் பார்த்தார், பெரியப்பா பார்த்தார், நின்ற சனம் எல்லாம் பார்த்தது. என் வாழ்நாளில் நான் சொன்ன எத்தனையோ உண்மையை "இவன் வெளையாடுறான்" என்று தள்ளிவிட்ட ஊர் அது. அன்றைக்குப் பெரியப்பா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "மாப்ளகிட்ட இல்லையாம்ப்பா. வேற யாராச்சும் பாருங்க" என்றார். ஒருவர் அரிவாள்மனை எடுக்க உள்ளே போனார்.

"ஒண்ணும் கொண்டார வேணாம்" என்றாள் என் சம்சாரம். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் அவுத்துக்கிறேன்."

"நேரமாகுமே ஆத்தா..."

"ஆகட்டும்."

குளிப்பாட்டிய தண்ணீரில் கயிறு நனைந்து, முடிச்சு கல்லாய் இறுகியிருந்தது. அவள் கட்டிய முடிச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக. குனிந்து நகத்தால் நெம்பினாள். வரவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பக்கம் புடிங்க" என்றாள். நான் மண்டி போட்டு உட்கார்ந்து, வெள்ளி அரசிலைப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். முதல் முடிச்சைப் பல்லால் இளக்கினாள். மழை விட்டிருந்தது. வெளியே மண்வெட்டிக்காரர் காத்திருக்க, பெரியப்பா அவருக்கு ஏதோ சமாதானம் சொல்வது கேட்டது.

ஒரு முடிச்சுக்குக் கூடப் பொறுமை இல்லாதவன் நான். நிமிஷத்தில் அறுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவன். அன்றைக்கு அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இது அவிழவே கூடாது, சாமி, இன்னும் இறுகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அது இடுப்பில் இருக்கிற வரைக்கும் தூக்கமாட்டார்கள் அல்லவா. அவள் விரலும் மெதுவாகத்தான் போயிற்று. அவளுக்கும் அதே வேண்டுதலோ என்னவோ, நான் கேட்டதில்லை.

ஆனால் அவள் கைக்கு அவிழாத முடிச்சு எது? கொஞ்சம் பொறுத்ததும், அதுவாக வந்துவிட்டது.